வராதவர்கள் எல்லாம் குணமானவர்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். போன் பண்ணினால் எடுக்கிறாய், மூச்சு விடும் சத்தம் கேட்கிறது, அதோடு சரி. போன தடவை இரண்டு முறை "உம்" என்றாய். எனக்கும் ரோஷம் வந்து வைத்துவிட்டேன். மாமாவைக் கேட்டால் "உங்க அக்கா தம்பி சண்டையில என்னை இழுக்காதப்பா" என்று நழுவுகிறார். அதனால் தபால்காரரை நம்பி இறங்கிவிட்டேன்.

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு நல்ல செய்தியைக் கேள். நம் சில்லுக்குப் பத்து வயசாகிவிட்டது. காதுக்கு முன்னால் தாடை போய்ச் சேரும் மூட்டில் தேய்ந்துபோன சவ்வை எடுத்துவிட்டு அங்கே நான் வைக்கும் வட்டுக்குக் கட்டுரைகளில் முழ நீளத்துக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் நீ "என்னடா, அந்தச் சில்லை உள்ள வெச்சிட்டியா?" என்று கேட்டாயே, அன்றிலிருந்து எங்கள் பிரிவில் நர்ஸ் முதல் தலைமை டாக்டர் வரை எல்லோருக்கும் அது சில்லுதான். முதல் சில்லு உன்னுடையது. அதை நான் மறக்கவில்லை.

பத்து வருஷ முடிவுகளைத் தொகுத்துவிட்டோம். சில்லு வைத்துக்கொண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர் குணமாகியிருக்கிறார்கள்! புள்ளிவிவரக்காரர் அந்த எண்ணைச் சொன்னபோது நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். மே மாத மாநாட்டில் இதைப் படிக்கப் போகிறேன். அது முடிந்ததும் வேறு ஊர் ஆஸ்பத்திரிகளிலும் சில்லு வைக்கத் தொடங்குவார்கள்.

இப்போது ஒரு வேண்டுகோள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மாநாட்டு மேடையில் நீ ஆப்பிள் கடித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம், மைக்கில் அந்த "நறுக்" கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் அரை மணி நேரம் தொண்டை வறள விளக்கியதை நீ ஒரு கடியில் முடித்தாய். அதே மேடைக்கு மறுபடி வா. அதே மாதிரி ஓர் ஆப்பிள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கோபமாகவே வந்தாலும் சரி, வா.

தம்பி

*

பிப்ரவரி 10

தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடி படித்தேன். முடித்தபோது கையிலிருந்த கரண்டி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. பிறகு அடுப்புக்குப் பின்னால் கிடைத்தது.

ஒரே ஒரு கேள்வி. அந்தத் தொண்ணூற்று மூன்றில் நான் இருக்கிறேனா, மீதி ஏழில் இருக்கிறேனா?

தாடையைச் சோதிக்க மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் நுழைக்கச் சொல்வாய். எனக்கு இப்போது ஒரு விரல் நுழைகிறது, அதுவும் சுண்டுவிரல். போனில் நான் "உம்" என்றது ரோஷத்தால் இல்லை. பல் விளக்கினாலே சில நாள் தாடை பூட்டிக்கொள்ளும், அன்றைக்கு எனக்கு வந்ததே அவ்வளவுதான். மாமாவைக் குறை சொல்லாதே. உனக்குச் சொல்லக்கூடாது என்று அவரிடம் நான்தான் எழுதிக் காட்டினேன், அவர் பாவம். நான் சாப்பிடுவது எல்லாம் மிக்ஸியில் அரைத்துக் கரைத்தது. மாமாவும் எனக்குத் துணையாக அதையே குடித்துப் பார்த்தார், ஒரு வாரத்தில் முகம் விழுந்துவிட்டது. நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுங்கள் என்று தட்டை நானே எடுத்து வைத்தேன்.

வேலையும் பழைய வேலை இல்லை. ரயில் நிலையத்தில் அறிவிப்பு அறையிலிருந்து என்னை இறக்கி, பயணிகள் தொலைத்த பொருள்களை வைக்கும் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். குடை, ஒற்றைச் செருப்பு, யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன பல் செட் இரண்டு. கல்யாணப் புடவை ஒன்றுகூட வந்தது. யாரிடமும் அதிகம் பேச வேண்டாம், அட்டையில் எழுதிக் காட்டினால் போதும். ஆனால் என் குரல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. எந்த ரயில் எந்த நடைமேடைக்கு வரும் என்று முன்பு நான் பதிவு செய்து கொடுத்ததையே இன்றும் ஒலிக்க விடுகிறார்கள். நான் பல் செட்டுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பேன், மேலே ஒலிபெருக்கியில் நான் தங்குதடையில்லாமல் பேசிக்கொண்டிருப்பேன். முதல் வாரம் இதைக் கேட்டு அழுதேன், இப்போது பழகிவிட்டது.

சண்டையை நீ மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. கன்னம் வலிக்கிறது, காதுக்குள் குடைகிறது என்று உன் அறைக்கு வந்தேன். எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டி ஒரு பார்வை பார்த்தாய். "சில்லு நல்லா இருக்குக்கா. வலி தாடையில இல்ல. ஊர் மாறப் போற டென்ஷன்ல பல்லைக் கடிக்கிற. மனசை லேசா வெச்சுக்கோ" என்றாய். உன் மாணவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள், அதில் ஒருத்தன் சிரித்தான். நீ அவனைத் திட்டவில்லை. நான் என் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சரி, என் கேள்விக்குப் பதில் எழுது.

அக்கா

*

பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீ இவ்வளவு கஷ்டப்படுகிறாய் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம்.

உன் கேள்விக்குப் பதில்: தொண்ணூற்று மூன்றில்தான் இருக்கிறாய். கோபப்படாமல் மேலே படி. எங்கள் முறை இதுதான். சில்லு வைத்த எல்லோருக்கும் வருஷா வருஷம் அட்டை அனுப்புகிறோம். "வலி, தாடை பூட்டிக்கொள்ளுதல், சத்தம் ஏதேனும் இருந்தால் தொலைபேசியில் அழைத்து நேரம் பெற்று வரவும்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். வருகிறவர்களைச் சோதிக்கிறோம். வராதவர்களுக்குத் தொந்தரவு இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். வலிக்கிறவன் வைத்தியம் பார்க்காமல் வீட்டிலா உட்கார்ந்திருப்பான்? புள்ளிவிவரக்காரரும் நானும் கூடிப் பேசித்தான் இதை வைத்தோம், இதுவரை ஒருத்தரும் தப்பு சொன்னதில்லை. உனக்கும் நாலு அட்டை வந்திருக்கிறது. நீ வரவில்லை. உன்னை நான் வேறு எங்கே சேர்ப்பது?

சில்லில் கோளாறு இருக்காது என்றே இன்னும் நினைக்கிறேன். சோதனைச் சாலையில் இயந்திரத்தில் பூட்டி, மனிதன் ஆயுள் முழுக்க மெல்லும் அளவுக்கு மெல்ல வைத்தோம், கீறல்கூட விழவில்லை. உனக்குத் தாடைத் தசை இறுகியிருக்கலாம். அந்த வலியும் லேசுப்பட்டது இல்லை. உங்கள் ஊரிலேயே நல்ல ஆளைப் பார்த்து ஸ்கேன் எடுத்து அனுப்பு. சில்லு ஒழுங்காக இருக்கிறது என்று தெரிந்தால் உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

அதுவரை இதைப் பெரிதாக்க வேண்டாம் அக்கா. ஏப்ரலில் இன்னொரு பெண்ணுக்குச் சில்லு வைக்கப் போகிறேன். வங்கியில் வேலை, சின்ன வயசு, ஒரு வாய் ரொட்டியை அழுதுகொண்டே மெல்லுகிறாள். அவளைப் போலக் காத்திருக்கிறவர்களை நான் பயமுறுத்த முடியாது.

அந்த மாணவன் சிரித்தது எனக்கு நினைவில்லை.

தம்பி

*

பிப்ரவரி 27

தம்பிக்கு,

ஸ்கேன் இதோடு இருக்கிறது.

இங்கே தாடை ஆபரேஷன் செய்யும் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், சின்னப் பெண். உள்ளே நுழைந்ததிலிருந்து வாய் ஓயாமல் பேசினார், நான் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. படம் திரையில் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, "யாரு வெச்சது இது?" என்று கேட்டார்.

என் தம்பி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஒரு பெரிய டாக்டர்" என்று எழுதிக் காட்டினேன்.

"இப்பவும் வெச்சிட்டிருக்காரா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த வட்டு உள்ள பொடிப்பொடியா இருக்கு. அதைச் சீக்கிரம் எடுத்தாகணும், தள்ளிப் போடாதீங்க" என்றார். இத்தனை நாள் மனசுதான் காரணம் என்று பாதி நம்பிவிட்டிருந்தேன். நீ சொன்னதாயிற்றே.

அப்புறம் உன் அட்டை. அதை நீயே ஒரு முறை கையில் எடுத்துப் படி. "தொலைபேசியில் அழைத்து நேரம் பெற்று வரவும்." தாடை பூட்டிக்கொண்டால் போன் பண்ணிப் பேச வேண்டுமாம்! உங்கள் பிரிவில் இத்தனை பேர் இத்தனை படிப்புப் படித்து வேலை செய்கிறீர்கள், பத்து வருஷத்தில் ஒருத்தருக்குக்கூடவா உறைக்கவில்லை?

நானும் பண்ணினேன். கோபத்தை எல்லாம் விழுங்கிவிட்டு, போன வருஷ அட்டை வந்த அன்று பண்ணினேன். பல்லைத் திறக்காமல் பேசினால் எப்படி வருமோ அப்படித்தான் வந்தது. உங்கள் போனில் இருந்த பெண், "என்னங்க இது, குடிச்சிட்டுப் பேசறீங்களா? சரியாப் பேசுங்க, இல்லேன்னா வைங்க" என்றாள். நான் மறுபடி முயற்சி செய்தேன். அவள் வைத்துவிட்டாள். டாக்டரோட அக்கா என்று சொல்ல எனக்கு உதடு ஒத்துழைக்கவில்லை.

என்னைப் போல இன்னும் எத்தனை பேர் "வராமல்" இருக்கிறார்கள்?

அக்கா

*

மார்ச் 7

அக்கா,

ஆள் மாறி வேறு யாருடைய ஸ்கேனோ வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைக்கவே விரும்பினேன். சின்ன வயசில் சைக்கிளிலிருந்து விழுந்து உன் முன்பல்லில் ஒரு மூலை உடைந்ததே, அதைத் தேடினேன். இருந்தது. படத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் குழாயடியில் நின்றேன்.

தாடை எலும்பின் தலை உருண்டையாக இருக்க வேண்டும். உனக்கு அது இல்லை. மழுங்கி, கரைந்து, பாதிதான் நிற்கிறது. மூட்டின் மேல்கூரைக்கு அந்தப் பக்கம் மூளை. அந்தக் கூரை தாள் மாதிரி ஆகிவிட்டது. சில்லு தேய்ந்து தூளாகிறது, அந்தத் தூளை உடம்பு எதிரியாக நினைத்துத் தாக்குகிறது, தாக்குகிற வேகத்தில் தன் எலும்பையே தின்கிறது. எங்கள் இயந்திரத்தைப் போய் மறுபடி பார்த்தேன் அக்கா. அது மேலும் கீழும் மட்டும்தான் மென்றிருக்கிறது. மனிதர்கள் பக்கவாட்டிலும் அரைக்கிறார்கள். ஒரு மாட்டைப் பார்த்திருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்கும்.

வராதவர்களுக்கு நானே போன் செய்தேன். சிலர் எடுத்துப் பேசாமல் இருந்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினேன்.

ஒரு வீட்டில் அந்த அம்மா நன்றாக இருந்தார். "வேலை ஒழியல டாக்டர், அதான் வரல" என்று சொல்லி எனக்காக ஒரு பாதாம் கொட்டையைக் கடித்து உடைத்துக் காட்டினார். அவர் காலில் விழலாம் போல இருந்தது. அவர் ஒருத்தர்தான்.

அடுத்தது ஒரு பாட்டு டீச்சர் வீடு. கணவர் கதவைத் திறந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றதும், "இவ்வளவு வருஷம் கழிச்சு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றார். உள்ளே டீச்சர் கீபோர்டில் மெட்டை வாசிக்கிறார், சுற்றி உட்கார்ந்த குழந்தைகள் பாடுகிறார்கள். அவர் பாடுவதில்லை. தப்பாகப் பாடினால் கையால் தாளம் தட்டி நிறுத்துகிறார். சோதிக்க விரலை வைத்தேன், என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை.

"போன் பண்ணியிருக்கலாமே?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று புரிந்தது. கணவர் என்னையே பார்த்தார். "பண்ணினோம் சார். இவளால பேச முடியலன்னு நான்தான் பேசினேன். நோயாளியே பேசினாத்தான் பதிவு பண்ணுவோம்னாங்க உங்க ஆளுங்க."

"உங்களைக் குணமானவங்கன்னு எழுதியிருக்கேன்" என்று டீச்சரிடம் சொன்னேன். சொல்லாமல் எப்படி வருவது? அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த உடனே இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். குழந்தைகள் பாடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

உன் சில்லை உடனே எடுக்கச் சொல். என்னிடம் வராதே, என் கை இப்போது கத்தி பிடிக்கிற நிலையில் இல்லை.

ஏப்ரல் ஆபரேஷனை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அந்தப் பெண்ணின் வலியும் பொய் இல்லை. ஐந்தாறு வீட்டைப் பார்த்துவிட்டுப் பத்து வருஷத்தைத் தூக்கிப் போட்டுவிட முடியுமா? எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

தம்பி

*

மார்ச் 13

தம்பிக்கு,

முடிவு செய்யவில்லையா? எதற்குக் காத்திருக்கிறாய்? உனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தபோது ஒரு கணக்கு தப்பு என்று தெரிந்ததும் தாளையே கிழித்துப் போட்டுவிட்டு அழுவாயே, அந்தப் பையன் எங்கே போனான்?

வரும் புதன்கிழமை எனக்குச் சில்லை எடுக்கிறார்கள். பேப்பரில் கையெழுத்து வாங்கும்போது கூரை மெல்லிசாக இருப்பதால் என்னென்ன ஆகலாம் என்று படித்துக் காட்டினார்கள். மாமா பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பு.

அக்கா

*

ஏப்ரல் 2

தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பிழைத்தேனா இல்லையா என்று மாமாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாயாம். அவர் சொன்னார். என்னிடம் கேட்க என்ன தயக்கம்?

பிழைத்துவிட்டேன். டாக்டரம்மாவும் அவருடைய ஆசிரியரும் சேர்ந்து செய்தார்கள். சில்லை எடுத்த பள்ளம் சும்மா இருக்கக்கூடாதாம், வயிற்றிலிருந்து கொஞ்சம் கொழுப்பை எடுத்து அங்கே வைத்தார்கள். எனக்குக் கொழுப்பு ஜாஸ்தி என்று சின்ன வயசிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பாயே, கடைசியில் அதுதான் கைகொடுத்தது. சிரிக்கக்கூடாது என்று கட்டளை. அதனால் நீயாவது சிரித்துக்கொள்.

வலி குறைந்திருக்கிறது. காதுக்குள் குடைவது நின்றுவிட்டது. ஆனால் வாய் இன்னும் ஒரு விரல்தான். இனிமேல் இரண்டு வரலாம், மூன்று வராது என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். அறிவிப்பு அறைக்குத் திரும்பப் போகலாம் என்று இத்தனை நாள் ஒரு மூலையில் ஆசை வைத்திருந்தேன். அது முடிந்தது.

எடுத்ததைக் காட்டச் சொன்னேன். முழுசாக வரவில்லையாம், கரண்டியால் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். ஈர மணல் மாதிரி இருக்கிறது, நடுவில் நகத்தளவு ஒரு துண்டு. சின்ன பாட்டிலில் போட்டு வாங்கிக்கொண்டேன். இந்தக் கடிதத்தோடு வருவது அதுதான். தொலைந்த பொருளை உரியவரைத் தேடி ஒப்படைப்பது இப்போது என் உத்தியோகம். இது உன்னுடையது, பெற்றுக்கொள்.

அந்தப் பெண்ணுக்கு என்ன செய்தாய்?

அக்கா

*

ஏப்ரல் 14

அக்கா,

பாட்டில் வந்து சேர்ந்தது. ஆடிப் போய்விட்டேன் என்று எழுதினால் அது சின்ன வார்த்தை. என் கையால் செதுக்கி மெருகேற்றி, விளிம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து வைத்த வட்டு அது. பாட்டிலைச் சாய்த்தால் மணல் மாதிரி சரிகிறது.

தலைமை டாக்டர் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தேன். வீடு வீடாகப் போனதையும் சொன்னேன். அவர் பாட்டிலைத் தொடவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "மாநாடு முடியட்டும். வராதவங்களைப் பத்தித் தனியா ஒரு ஆய்வு போட்டுக்கலாம். இப்பக் கிளறினா பிரிவையே மூடிடுவாங்க" என்றார். உன்னிடம் ஒளிக்க மாட்டேன், அன்று முழுக்க அதற்குத் தலையாட்டத்தான் எனக்குத் தோன்றியது. உனக்கு எழுதாமல் இருந்ததும் அதனால்தான். பிரிவை மூடினால் நான் யார்? சில்லைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்?

மறுநாள் அந்த வங்கிப் பெண் ஆபரேஷனுக்கு முந்தைய சோதனைக்கு வந்தாள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது கைப்பிடியில் கையை வைத்தபடி திரும்பினாள். "டாக்டர், முதல் சில்லை உங்க சொந்த அக்காவுக்கே வெச்சீங்களாமே? நர்ஸ் சொன்னாங்க. அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தைரியமே வந்துது. அவங்க இப்ப எப்படி இருக்காங்க?"

எங்கள் நர்ஸ் இதை எல்லோரிடமும் சொல்வது வழக்கமாம். பத்து வருஷமாக, பயந்து வருகிற ஒவ்வொருவரிடமும் உன் பெயரில் தைரியம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு இது தெரியவே தெரியாது. நான் அந்தப் பெண் முகத்தைப் பார்த்தேன். அவள், "டாக்டர்? டாக்டர்?" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள்.

உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். உன் ஸ்கேனைக் காட்டினேன். அவள் அழுதாள், படத்தைப் பார்த்த பயத்தால் இல்லை, சில்லை விட்டால் வேறு வழி இல்லையே என்பதற்காக. தசைக்குப் பயிற்சி, வெந்நீர் ஒத்தடம், பல்லைக் கடிக்காமல் இருக்க இரவில் பல்லில் மாட்டும் தட்டு என்று பழைய வைத்தியத்தைத்தான் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். நான் இளக்காரமாகப் பேசிய வைத்தியம் அது.

சில்லை நிறுத்திவிட்டேன். வைத்துக்கொண்ட எல்லோருக்கும் என் கைப்படக் கடிதம் போகிறது. போன் பண்ண வேண்டாம், நாங்கள் வருகிறோம் என்று எழுதியிருக்கிறேன். தலைமை டாக்டர் என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். மாநாட்டில் உண்மையைச் சொல்லப் போகிறேன். ஆனால் அவர்கள் நம்புவார்களா என்று தெரியவில்லை. ஸ்கேன்களைக் காட்டினால் "இது அபூர்வம், நோயாளிகள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை" என்பார்கள். நானே உன்னிடம் அப்படித்தானே சொன்னேன்! வேறு ஊர் ஆஸ்பத்திரிகள் சில்லை வாங்கி வைத்துவிட்டுக் காத்திருக்கின்றன.

நீ வரவேண்டாம் அக்கா. வரச் சொல்லி எழுதியதை மறந்துவிடு. உன்னை அந்த மேடையில் அப்படிப் பார்க்க என்னால் முடியாது.

தம்பி

*

ஏப்ரல் 22

தம்பிக்கு,

அந்தப் பெண் கேட்ட கேள்வியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மாமா என்ன ஆயிற்று என்று கேட்டார், கொடுத்தேன். எத்தனை பேர் என்னை நம்பி உன் மேஜையில் படுத்திருக்கிறார்கள்? அந்தப் பாட்டு டீச்சரிடமும் என்னைச் சொல்லித்தான் தைரியம் கொடுத்தார்களா? கேட்டு எழுது. இல்லை, வேண்டாம். நானே நேரில் போய்க் கேட்டுக்கொள்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று இப்போது கேட்காதே. சில நாள் உன்னை நினைத்தால் வயிறு எரிகிறது. சில நாள் நீ குழாயடியில் நின்றாய் என்று எழுதியதை நினைத்தால் பாவமாக இருக்கிறது. இரண்டும் இருக்கட்டும்.

நான் வருகிறேன். பார்க்க முடியாது என்று நீ சொன்னால் ஆயிற்றா? என்னைப் பார்க்காமல் இருந்ததால்தான் இவ்வளவும் நடந்தது. டாக்டரம்மாவும் கூட வருகிறார், வழியெல்லாம் அவர் பேசுவார். காலை ரயிலுக்குச் சீட்டு எடுத்தாயிற்று. அந்த ரயில் எந்த நடைமேடைக்கு வரும் என்று என் குரல்தான் சொல்லும். அதைக் கேட்டுக்கொண்டே ஏறுவேன்.

மேடையில் நீ பேசி முடித்ததும் என்னைக் கூப்பிடு. போன தடவை "எங்கள் முதல் நோயாளி" என்று சொன்னாய். இந்தத் தடவை அக்கா என்று சொல். பிறகு ஆப்பிளை என் கையில் கொடுத்துவிட்டு மைக்கை என் வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பிடி. நான் முயற்சி செய்வேன். கடிக்க முடியாது. எவ்வளவு நேரம் ஆனாலும் நீ குறுக்கே எதுவும் பேசக்கூடாது, மைக்கையும் எடுக்கக்கூடாது. அந்த "நறுக்" வரும் என்று அவர்கள் காத்துக்கொண்டு இருக்கட்டும்.

ஆப்பிளை நீயே வாங்கி வை. போன தடவை வாங்கின மாதிரி நல்ல பெரியதாகப் பார்த்து வாங்கு.

அக்கா